கல்லுக்குள் பச்சைக் குடை

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு நீங்கள் போயிருக்கலாம். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. வழக்கமாகத் திங்கள், வெள்ளி இரண்டு நாட்கள்தான் நடை திறப்பார்கள். அந்த நாட்களில் அரிசி இடித்து மாவிளக்குப் போட வருகிற கூட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

அடுத்த முறை போனால், தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு நிமிடம் கிழக்கே திரும்பி நில்லுங்கள்.

அந்தப் பக்கம் கடல்!

'என்னது, பெரம்பலூரில் கடலா?' என்று கேட்பீர்கள். இப்போது இல்லை. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது. சிறுவாச்சூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், காரை கிராமத்துப் பொட்டல் மேடுகளில் ஆரம்பித்து, அரியலூர், செந்துறை என்று விரியும் நிலம் முழுக்க ஒரு காலத்தில் கடலடி. கடல் பலமுறை ஏறி வந்தது, பின்வாங்கியது, கடைசியில் ஒரேயடியாகப் போய்விட்டது. போகும்போது சிப்பி, நத்தை, கடல் முள்ளெலி என்று தன் சாமான்களையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போனது. 1840-களிலேயே வெள்ளைக்காரர்கள் இவற்றைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்ப, 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற நிபுணர் அவற்றை விவரித்து எழுதினார். 1862-ல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார். அப்போது எல்லாமே திருச்சினாப்பள்ளி ஜில்லா. (பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டம் ஆனது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் திரும்ப ஒட்டி, 2007-ல் மறுபடி பிரிந்தது. இந்தக் கட்டுரை செல்லைப் பற்றியது என்பதால் இந்தப் பிரிவினையையும் சொல்லி வைத்தேன்!)

சிப்பியும் நத்தையும் கண்ணுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத சமாசாரம்.

செந்துறைப் பக்கம் நின்னியூர் என்று ஒரு சின்னக் கிராமம். அந்தக் கடல் விட்டுப்போன கடைசிச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நிலவியல்காரர்கள் இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் நிலவியல் பேராசிரியராக இருந்த எல். ராமாராவ் இந்தப் பாறைகளை ஆராய்ந்தார். பாறையை எப்படி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது? கல்லை மெல்லிய சில்லாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, தேய்த்துக்கொண்டே போக வேண்டும். 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டால், அடியிலிருந்து விளக்கைப் போட்டதும் வெளிச்சம் கல்லை ஊடுருவி வந்துவிடும். கருங்கல்கூட அப்போது வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஜொலிக்கும்.

நின்னியூர் கல்லை அப்படிச் சீவிப் பார்த்தபோது உள்ளே வட்டம் வட்டமாக, துளை துளையாக, யாரோ காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி உருவங்கள். உலகத்திலேயே இந்தக் கோலங்களைப் படிக்கத் தெரிந்தவர்களில் முதல்வர் வியன்னாவில் இருந்தார். பெயர் ஜூலியஸ் பியா. 1920-லேயே இந்த வகை உயிர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். ராமாராவும் பியாவும் சேர்ந்து 1936-ல் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கல்லுக்குள் இருந்தவை கடல்பாசிகள். புதிய இனங்கள் என்பதால் பெயர் வைக்க வேண்டுமே? வைத்தார்கள். 'டிஸ்ஸோகிளாடெல்லா சாவித்ரியே', 'இந்தோபோலியா சத்தியவந்தி', 'அசிகுலாரியா த்யுமத்சேனே'.

ஆமாம்! எமனிடம் வாதாடிக் கணவனை மீட்டாளே, அந்த சாவித்திரி. அந்தக் கணவன் சத்தியவான். பார்வையும் ராஜ்யமும் இழந்து காட்டில் கிடந்த மாமனார் த்யுமத்சேனன். மகாபாரதக் குடும்பம் ஒன்று மொத்தமாக அரியலூர்க் கல்லுக்குள் குடியேறியது இப்படித்தான்.

மூன்றாவதாக வரும் மாமனாரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரிடம் வரவேண்டியிருக்கிறது.

இந்தப் பாசிகளிடம் என்ன விசேஷம்? 'செடி மாதிரி தண்டும் தலையுமாக இருக்கும் இந்தப் பாசி மொத்தமும் ஒரே ஒரு செல்' என்பதுதான். நம் உடம்பில் ஒரு சொட்டு ரத்தத்தில் கோடிக்கணக்கான செல்கள். இந்தக் குடும்பத்துப் பாசியிலோ விரல் நீளத்துக்கு ஒற்றை செல். இதன் உறவினர்கள் இன்றும் வெப்பக் கடல்களில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் பிரபலமானது அசிடபுலாரியா. வேர் மாதிரி ஒரு பிடிப்பு, நீளக் காம்பு, உச்சியில் பச்சைக் குடை. பொம்மைக் கல்யாணத்துக்குச் செய்தது போலிருக்கும். அந்தக் குடையும் காம்பும் வேரும் எல்லாம் ஒரே செல்!

இந்தக் குட்டிக் குடைதான் செல்லுக்குள் யார் எஜமான் என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. அதற்கு முன் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்.

பள்ளிக்கூடத்து உயிரியல் ரெக்கார்ட் நோட்டில் செல்லின் படம் வரைந்திருப்பீர்கள். நடுவில் ஒரு பெரிய வட்டம், அதுதான் உட்கரு. பக்கத்தில் மடித்த தோசை மாதிரி கோல்கை. உள்ளே வரி வரியாக மைட்டோகாண்ட்ரியா. இலைச் செல்லாக இருந்தால் பசுங்கணிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சவ்வு மதில். பத்து மதிப்பெண். அந்த ஒரு பக்கப் படத்தை முடிக்க மனிதகுலத்துக்கு முந்நூறு ஆண்டு ஆயிற்று என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டைச் சீவிப் பார்த்து, அறை அறையாக இருந்ததால் 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது காலி அறைகள். குடியிருந்தவர்கள் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள். உயிருள்ள நுண்ணுயிர்களைப் பார்த்தவர் ஹாலந்தின் லீவன்ஹூக். அவர் என்ன புரொபசரா? ஜவுளி வியாபாரி. துணியின் இழையை எண்ணிப் பார்க்க லென்ஸ் வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் சகஜம். பி.காம். படித்த எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்!

1831-ல் லண்டனில் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், ஆர்க்கிட் இலைகளில் செல்லுக்கு ஒரு உருண்டை தவறாமல் இருப்பதைச் சொன்னார். அதற்கு நியூக்ளியஸ் என்று பெயர். லத்தீனில் 'பருப்பு' என்று அர்த்தம். கொட்டைக்குள் பருப்பு மாதிரி. நாம் அதை உட்கரு என்கிறோம். அது எதற்காக இருக்கிறது? பிரவுனுக்குத் தெரியாது.

1898-ல் இரண்டு கண்டுபிடிப்புகள். ஜெர்மனியின் கார்ல் பெண்டா, நூல் மாதிரியும் மணி மாதிரியும் தெரிந்த துகள்களுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் சூட்டினார். இத்தாலியின் கமிலோ கோல்கை, ஆந்தை மூளைச் செல்லில் வெள்ளிச் சாயம் ஏற்றி, ஒரு வலைப்பின்னலைப் பார்த்தார். உடனே ஒரு கோஷ்டி கிளம்பியது. 'அப்படி ஒன்று செல்லில் கிடையவே கிடையாது. நீங்கள் போட்ட சாயம் திரிந்து உண்டான கறை அது' என்றார்கள். இந்தச் சண்டை ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியது. கோல்கை 1906-ல் நரம்பு மண்டல ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கினார். 1926-ல் காலமானார். அப்போதும் வழக்கு முடியவில்லை.

காரணம், வெளிச்சத்தின் குறை. ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்த மைக்ராஸ்கோப்பும் ஒரு மில்லிமீட்டரின் 5,000-ல் ஒரு பங்குக்குக் கீழே போனால் கலங்கிவிடும் என்று 1873-லேயே எர்ன்ஸ்ட் அபே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். லென்ஸை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை.

சரி, நன்றாகவே தெரிந்தாலும் என்ன? ஓர் ஆபீஸுக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள். நடுவில் ஒருவர் பெரிய மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முதலாளியா, தலைமை குமாஸ்தாவா, சும்மா பார்க்க வந்தவரா? பார்த்தால் மட்டும் தெரியாது. அவர் ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்!

அதைத்தான் செய்தார் யோவாகிம் ஹேமர்லிங். 1930-களில், பெர்லினில். கையில் அசிடபுலாரியா. இந்தப் பாசிக்கு உட்கரு ஒன்றே ஒன்றுதான், அதுவும் அடியில், வேரில் இருக்கும். மற்ற செல்களில் உட்கருவை எடுக்க நுண்ணிய ஊசியோடு மல்லாட வேண்டும். இதில் காம்பை நறுக்கினால் போதும். மேலே ஒரு துண்டு, கீழே உட்கருவோடு ஒரு துண்டு.

கீழ்த்துண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி புதுக் காம்பு விட்டு, புதுக் குடையும் பிடித்தது. எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் மேல்துண்டில். உட்கரு இல்லாத வெறும் காம்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. அதோடு விடவில்லை. அதுவும் ஒரு குடையை முளைக்கவைத்தது! ஆனால் அந்தக் குடையையும் வெட்டிவிட்டால் பெரும்பாலும் இன்னொன்று வராது.

முதலாளி போன பிறகும் கம்பெனி ஓடுகிறது. புது ஆர்டர் மட்டும் எடுக்க முடியவில்லை.

அடுத்த சோதனை இன்னும் அழகு. அசிடபுலாரியாவில் இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் குடை வட்டத் தட்டு மாதிரி மூடியிருக்கும். இன்னொன்றின் குடை தனித்தனி விரல்களாகப் பிரிந்திருக்கும். ஒன்றின் காம்பை மற்றதன் வேரில் ஒட்டினார். காம்பு ஒரு ஜாதி, உட்கரு இன்னொரு ஜாதி. குடை யார் சாயலில் வரும்?

முதலில் வந்த குடை பல சமயம் இரண்டுங்கெட்டானாக இருந்தது. அதை வெட்டிவிட்டார். அடுத்து வந்தது சந்தேகத்துக்கு இடமில்லாமல் உட்கருவின் ஜாதி!

இதில் கவனிக்க வேண்டியது அந்த முதல் குடையைத்தான். ஒரு பேங்க் இன்னொரு பேங்கோடு இணைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் ஆபீஸ் மாறிவிட்டது. ஆனால் கிளையில் பழைய செக் புத்தகமும் பழைய சர்க்குலரும் கையிருப்பு இருக்கும்வரை அரைகுறையாக அதுவும் ஓடும். அது தீர்ந்ததும் எல்லாம் புது ஹெட் ஆபீஸ் அச்சடித்ததுதான். செல்லிலும் அதே கதை. உட்கரு நேரடியாக எதையும் கட்டுவதில்லை. உத்தரவுகளை எழுதி வெளியே அனுப்புகிறது. அவை காம்பில் தேங்கிக் கிடக்கின்றன. 'உருவம் தரும் பொருட்கள்' என்று ஹேமர்லிங் அவற்றைச் சொன்னார். அந்தக் கடிதங்கள் என்ன பொருளால் ஆனவை என்பது உலகத்துக்குப் புரிந்தது 1961-ல், தூது ஆர்.என்.ஏ. கண்டுபிடிக்கப்பட்டபோது. கொரோனா தடுப்பூசி சமயத்தில் 'எம்ஆர்என்ஏ' என்று செய்திகளில் அடிபட்டதே, அதேதான். அந்தக் கடிதம் இருக்கிறது என்பதற்கான முன்னோட்ட சாட்சிகளில் ஒன்று, ஒரு பாசியின் வெட்டுப்பட்ட காம்பு.

அதே 1961-ல் இன்னொரு வேடிக்கை. அசிடபுலாரியாவின் பசுங்கணிகங்கள் பகலில் சுறுசுறுப்பாகவும் இரவில் மந்தமாகவும் வேலை செய்பவை. விளக்கை அணைக்காமலே வைத்திருந்தாலும் அந்தத் தாளம் தப்புவதில்லை. பியாட்ரிஸ் ஸ்வீனி, ஃபிரான்சிஸ் ஹாக்ஸோ என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் உட்கருவை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் தாளம் தொடர்ந்தது! முதலாளி இல்லாவிட்டாலும் இந்த இலாகா மணிப்படி ஷட்டரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இலாகா என்றால் சுவர் வேண்டுமே? அந்தச் சுவரைப் பார்க்கத்தான் வெளிச்சம் போதாமல் இருந்தது. 1931-ல் ஜெர்மனியில் ரஸ்காவும் நோலும், ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் மைக்ராஸ்கோப்பைச் செய்தார்கள். 1945-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட் குழு, கோழிக் கருவின் செல் ஒன்றை முழுசாக அதில் படம் பிடித்தது. உள்ளே ஒரு மெல்லிய ஜல்லடை வலை தெரிந்தது. இன்று பாடப்புத்தகம் எண்டோபிளாச வலைப்பின்னல் என்கிறதே, அது.

செல்லைச் சீவிப் பார்ப்பதற்கு நல்ல கத்தி வேண்டியிருந்தது. எவ்வளவு தீட்டிய எஃகும் சரிப்படவில்லை. 1950-ல் ஒரு வழி பிறந்தது. சாதாரணக் கண்ணாடியை உடைத்தால் வரும் முனைதான் எஃகைவிடக் கூர்மையான கத்தி! அதை வைத்து, நான் முன்பு சொன்ன கல் சில்லைவிடப் பல நூறு மடங்கு மெல்லியதாகச் செல்லைச் சீவினார்கள். அதன் பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன. 1952-ல் ருமேனியாவில் பிறந்த ஜார்ஜ் பாலடே, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பதைக் காட்டினார். அந்த மடிப்புகளில்தான் செல்லுக்கான சக்தி தயாராகிறது. அதிகப் பரப்பு வேண்டும் என்பதற்காகத்தான் மடிப்பு, கொசுவம் வைத்த புடவை மாதிரி. 1954-ல் கோல்கையின் அடுக்குகள் எலெக்ட்ரான் படத்தில் பளிச்சென்று விழுந்தன. கறை இல்லை, நிஜ உறுப்பு. புரதங்களைப் பக்குவம் செய்து, மூட்டை கட்டி, விலாசம் எழுதி அனுப்பும் பார்சல் ஆபீஸ் அது. வழக்கில் கோல்கை ஜெயித்தார், இறந்து 28 ஆண்டுகள் கழித்து! 1955-ல் கிறிஸ்டியன் டி டூவ், செரிக்கும் திராவகங்களைத் தனிப் பையில் கட்டிவைக்கும் லைசோசோமை அடையாளம் காட்டினார். அந்தப் பை கிழிந்தால் செல் தன்னையே தின்றுவிடும் ஆபத்து உண்டு. சுவரின் மகிமை புரிகிறதா?

உட்கருவின் சுவர் இரட்டைச் சுவர். அதில் துளைகள் இருப்பதை 1950-ல் காலன், டாம்லின் என்ற இருவர் காட்டினார்கள். ஹேமர்லிங்கின் கடிதங்கள் வெளியே போகும் தபால் ஜன்னல்கள் அவைதான். இந்தச் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் அடுக்கலாம். அத்தனை மெல்லிசு. அந்த மெல்லிசான தடுப்பு இல்லாவிட்டால் சக்தி நிலையம், பார்சல் ஆபீஸ், ஜீரணக் கிடங்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து கூழாகிவிடும். கிளாட், டி டூவ், பாலடே மூவருக்கும் 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நின்னியூருக்குத் திரும்பலாம். மாமனார் த்யுமத்சேனன் காத்திருக்கிறார்.

அவர் பெயர் தாங்கிய அசிகுலாரியா, அசிடபுலாரியாவின் பங்காளி. இரண்டும் ஒரே குடும்பம். கல்லில் உட்கருவோ பசுங்கணிகமோ மிஞ்சவில்லை. அவை செத்த சில நாளிலேயே கரைந்து போயிருக்கும். மிஞ்சியது, செல் தன்னைச் சுற்றிப் பூசிக்கொண்ட சுண்ணாம்பு. ஆனால் அந்தச் சுண்ணாம்பில் உருண்டை உருண்டையாகக் குழிகள் இருக்கின்றன. அவை என்ன?

உயிரோடிருக்கும் பங்காளியைக் கேட்டால் பதில் வருகிறது. குடை முழுசாக விரிந்ததும், வேரில் இத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஒற்றை உட்கரு, ஆயிரக்கணக்கான குட்டி உட்கருக்களாகப் பிரிகிறது. அவை காம்பு வழியே மேலே ஏறிக் குடைக்குள் போகின்றன. அங்கே ஒவ்வொன்றும் ஒரு தனிக் கூட்டுக்குள் அடைகிறது. அடுத்த தலைமுறைக்கான விதைப் பெட்டகம் அது. அசிகுலாரியாவில் அந்தப் பெட்டகங்கள் சுண்ணாம்பில் பதிந்து உட்காரும். நின்னியூர்க் கல்லில் தெரியும் குழிகள் அவை உட்கார்ந்திருந்த இடங்கள். அதாவது, சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்ததை ஒட்டிய காலத்தில், இந்தக் கடலில் வாழ்ந்த உட்கருக்கள் காலி செய்துவிட்டுப் போன அறைகள்! ஹூக் தக்கையில் பார்த்த மாதிரியே காலி அறைகள்தான். ஆனால் யார் குடியிருந்தார்கள் என்று இப்போது நமக்குத் தெரியும்.

நின்னியூர்ப் பாறைகளை 1936-ல் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் படிவு என்று எண்ணினார்கள். இப்போது அதற்கு அடுத்த காலத்தின் தொடக்கம் என்று கணிக்கிறார்கள். டைனோசர்களை ஒழித்த அந்தப் பேரழிவுக்குப் பிறகு எது பிழைத்தது, எப்படிப் பிழைத்தது என்று சொல்லக்கூடிய பாறைகள் உலகத்தில் சில இடங்களில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று நம் செந்துறைப் பக்கம்.

அந்தப் பக்கத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. சிமெண்ட். அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்து, சிமெண்ட் ஆக்குகிறார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழில். நாம் எல்லோரும் அதில் கட்டிய வீட்டில்தான் படுத்துத் தூங்குகிறோம். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. ஆனால் சூளைக்குள் போன கல் திரும்ப வராது. சிப்பியாவது பெரிசு, சுரங்கத்தில் யாராவது பார்த்து எடுத்துவைக்கலாம். வாரணவாசி அருங்காட்சியகத்தில் அப்படி நிறைய வைத்திருக்கிறார்கள், அவசியம் பாருங்கள். சாவித்திரியும் சத்தியவானும் வெறும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்களே? கல்லைச் சீவி, விளக்கைப் போட்டால்தான் தெரிவார்கள்.

ஒவ்வொரு சுரங்கத்திலும், ஒவ்வொரு படுகையிலும் கையளவு கல் எடுத்துச் சீவி, எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று சீட்டு எழுதிப் பத்திரப்படுத்தினால் போதும். லாரி லோடுகளின் கணக்கில் அது தூசு. அந்தச் சீவலைப் பெரம்பலூர், அரியலூர் பள்ளிக்கூடங்களின் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினால், ரெக்கார்ட் நோட்டில் செல் வரைகிற பிள்ளை, தன் ஊர்க் கல்லிலேயே செல்லைப் பார்க்கும்.

புராணத்துச் சாவித்திரி எமனைப் பின்தொடர்ந்து போய், பேசிப் பேசியே கணவனை மீட்டாள். கல்லுக்குள் இருக்கும் சாவித்திரியால் பேச முடியாது. அவளுக்காக யாராவது வெளியிலிருந்துதான் பேச வேண்டும்.